தொழிற்பயிற்சி தரும் தொண்டு நிறுவனங்களை அரசின் கொள்கைகள் எப்படிப் பாதிக்கின்றன?

திண்டிவனம் பக்கம் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் ஒன்பது வருடம் இருந்தேன். முதலில் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்கும் வேலை, அப்புறம் பயிற்சி முடித்தவர்களை வேலையில் சேர்த்துவிடும் பிளேஸ்மென்ட் ஆபீசர். (ஆபீசர் என்றதும் ஏசி அறை என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு எக்ஸ்எல் வண்டியும் ஒரு ஃபைலும்தான்.) அங்கே கொள்கை அறிக்கையை முழுசாகப் படித்தவர் யாரும் கிடையாது. எதைக் காட்டினால் எப்போது பணம் வரும் என்று சொல்லும் அந்த ஒரு பக்கம் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். வகுப்பில் யாரை உட்கார வைப்போம், யாரை வாசலிலேயே நைசாகத் திருப்பி அனுப்புவோம் என்பதையும் அந்த ஒரு பக்கம்தான் முடிவு செய்தது.

2015 ஜூலையில் மத்திய அரசு தன் திறன் பயிற்சித் திட்டங்களுக்கெல்லாம் பொதுவான விதிமுறை கொண்டுவந்தது. தொழிலைப் பொறுத்து ஒருவருக்கு ஒரு மணி நேரப் பயிற்சிக்கு 38.50, 33, 27.50 ரூபாய் என்று அப்போது மூன்று விலை. அந்தத் தொகை அப்போது மூன்று தவணையாக வந்தது: வகுப்பு தொடங்கியதும் 30 சதவீதம், பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியதும் 50, வேலையில் சேர்த்துக் காட்டினால் மீதி 20. சான்றிதழ் வாங்கியவர்களில் 70 சதவீதம் பேர் வேலையில் இருந்தால் கடைசித் தவணை முழுசாக வரும், 50க்குக் கீழே போனால் ஒரு பைசா வராது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 33 ரூபாய் பிரிவில் 300 மணி நேரப் பயிற்சி, 30 பேர் என்றால் மொத்தம் 2,97,000. அதில் கடைசித் தவணை 59,400. உங்களுக்கு இது சின்னத் தொகையாகத் தெரியலாம், எங்களுக்கு அது இரண்டு பயிற்றுநர்களின் இரண்டு மாதச் சம்பளம்.

பரீட்சை முடிந்தால் வேலை பார்த்துக் கொடுப்பது நியாயம்தானே என்பீர்கள். நியாயம்தான், வேலை வாங்கித் தராத பயிற்சிக்கு மக்கள் வரிப்பணம் எதற்கு? ஆனால் அந்த 70 சதவீதத்தைத் தொடுவதற்கு நல்லா சொல்லிக்கொடுப்பதைவிட சுலபமான வழி ஒன்று இருக்கிறது: எப்படியும் வேலைக்குப் போகக்கூடியவர்களை மட்டும் சேர்த்துக்கொள்வது.

நானே செய்திருக்கிறேன். தையல் மெஷின் ஆபரேட்டர் பேட்சுக்கு ஒரே ஒரு இடம் பாக்கி. நாற்பது வயதை நெருங்கும் ஒரு அக்கா வந்தார், கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், ஓரளவு தைக்கத் தெரியும். ஆனால் ஊரை விட்டுப் போய் கம்பெனி விடுதியில் தங்க முடியாது, உள்ளூரில்தான் வேலை வேண்டும் என்றார். அடுத்து வந்தது பிளஸ் டூ முடித்த பத்தொன்பது வயதுப் பெண், எங்கே அனுப்பினாலும் போகிறேன் என்றாள். ஃபாரம் அவளுக்குத்தான் கொடுத்தேன். அக்காவிடம் "அடுத்த பேட்ச்ல பாக்கலாம்க்கா" என்றேன். அந்தச் சின்னப் பெண் நாங்கள் இல்லாவிட்டாலும் வேலைக்குப் போயிருப்பாள், அவளுடைய அக்காவே ஏற்கெனவே அதே கம்பெனியில் இருந்தாள். ஆனால் எங்கள் அறிக்கையில் அவள் ஒரு வெற்றி.

அப்புறம் வேலையில் சேர்த்தால் மட்டும் போதாது, தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வாங்கியதற்கு ஆதாரம் வேண்டும். இதில் நான் பட்ட பாடு தனிக் கதை. ஒரு வருடம் பதினோரு பெண்களை ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் மே மாதக் கடைசியில் சேர்த்துவிட்டேன். ஆடி பிறந்தது. "சார், ஊர்ல கூழ் ஊத்துறாங்க, போயிட்டு ரெண்டு நாள்ல வந்துடறேன்" என்று ஒவ்வொருத்தியாகக் கிளம்பினார்கள், நான்கு பேர் திரும்பிப் போகவே இல்லை. விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை, நைட் ஷிப்ட், வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், என்னென்னவோ காரணம். இரண்டு மாதம் ஒழுங்காக உழைத்த அந்த நான்கு பேரும் விதிப்படி பூஜ்யம். இருந்தவர்களிலும் ஒருத்திக்கு சம்பளம் அம்மா கணக்கில் விழுந்திருந்தது, அதனால் அதுவும் செல்லவில்லை. அந்த மூன்று மாதமும் நான் வேலை தேடிக்கொடுக்கவில்லை, சம்பளச் சீட்டு தேடிக்கொண்டிருந்தேன்.

பிரதமர் பெயரிலான மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தின் (பிஎம்கேவிஒய்) நான்காம் கட்டத்தில் குறுகிய காலப் பயிற்சிக்கும் வேலைவாய்ப்புக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள். கேட்டதும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் இது மறுகோடி. யாரும் கேட்காதபோது பயிற்சி முடிந்த பெண்ணுக்குப் போன் போட்டு "வேலை எப்படிம்மா போகுது" என்று விசாரிக்கும் ஆளுக்குத்தான் எந்த நிறுவனமும் முதலில் சம்பளத்தை நிறுத்தும். என்னைக் கேட்டால் விதி இருக்கட்டும், ஆனால் அந்த நாற்பது வயது அக்காவை வேலையில் சேர்த்தால் கூடுதல் தொகையும் கூடுதல் அவகாசமும் கொடுங்கள். கஷ்டமான ஆளுக்கும் சுலபமான ஆளுக்கும் ஒரே விலை வைத்தால் கஷ்டமான ஆளை யார் தொடுவார்கள்?

சரி, அரசுப் பணம் வேண்டாம், வெளியே வாங்கிக்கொள்ளலாமே என்றால் அங்கேயும் அரசுதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் திருத்தம் வந்தது. அதுவரை பெரிய நிறுவனம் வாங்கி எங்களைப் போன்ற சின்ன நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், அது அடியோடு நின்றது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. கணக்கு கறாராக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இது சரியாகப் படலாம், எங்களுக்கு அந்த வருடம் கொரோனாவில் மையமும் பூட்டிக் கிடந்தது, வாடகை மட்டும் மாதாமாதம் ஓடியது.

கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம் என்று ஒன்று உண்டு. 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள் மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும், தொழிற்பயிற்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி அதில் இருக்கிறது. தொழிற்சாலை எங்கே? ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோயம்புத்தூர். அங்கே ஏற்கெனவே வேலை இருக்கிறது, பயிற்சிக்குப் பணமும் அங்கேயே போகிறது. வேலையே இல்லாத ஊரில் சிஎஸ்ஆர் கேட்டுப் போனால், "உங்க ஏரியா எங்க லொக்கேஷன்ல வராதே சார்" என்று காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இவ்வளவு புலம்பிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் தப்பு. எங்கள் மையத்துக்குப் பெண்களை அதிகம் கொண்டுவந்தது பயிற்சிக் கொள்கை இல்லை, 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று தமிழக அரசு அறிவித்ததுதான். அதுவரை தினமும் பஸ்ஸுக்கு முப்பது ரூபாயா என்று வீட்டில் தகராறு நடக்கும், பத்து நாளில் வருவது நின்றுவிடும். அப்புறம் பள்ளிகளில் காலை உணவு வந்தது, பிள்ளைக்கு ஆக்கிப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டிய அவசரமும் குறைந்தது. இரண்டு திட்டத்திலும் 'திறன்' என்ற வார்த்தை தலைப்பில்கூட இல்லை.

நான் விலகுவதற்கு முந்தின வருடம் உள்ளூர் நன்கொடையில் மட்டும் ஒரு தையல் பேட்ச் நடத்தினோம், பதினான்கு பேர், முக்கால்வாசிப் பேர் முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள். முடித்ததும் சிலர் பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தார்கள், சிலர் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார்கள். எண்ணிக்கைக்குக் கூலி, சம்பளச் சீட்டு கிடையாது. பழைய விதியில் பாதிப் பேராவது மாதச் சம்பள வேலையில் இருந்தாக வேண்டும், ஆகவே அந்த பேட்ச் தோல்விக் கணக்கில்தான் சேர்ந்திருக்கும். வகுப்பு நேரத்தைக்கூட நாங்களே வைத்துக்கொண்டோம். 9 மணிக்கு வருகைப் பதிவுக்கு விரல் ரேகை வைக்கச் சொல்ல யாரும் இல்லை, டவுன் பஸ் 9:35க்குத்தான் வரும், அதனால் 9:45க்கு ஆரம்பித்தோம். முதல் நாள் அந்த அக்காவும் பிளவுஸ் துணி, கத்தரிக்கோலோடு வந்திருந்தார். நான் சொன்ன அடுத்த பேட்ச் வருவதற்கு நாலு வருடம் ஆகியிருந்தது, அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.