வேலூர் வெயிலுக்கு இரண்டு பல் குறைவாக

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி மோட்டார் சூடு பற்றியவை. சித்திரை பிறந்தால் இப்படித்தான். பள்ளி லீவு விட்டதும் பரணில் கிடந்த ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) கார்கள் எல்லாம் இறங்கி வரும், அப்புறம் ஒவ்வொன்றாகப் புகையும்.

கேள்வி: பாலாற்று மணலில் என் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்) பக்கி கார் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ஆறியதும் மறுபடி ஓடுகிறது. பெரிய மோட்டார் வாங்கிவிடலாமா சார்? (பள்ளிகொண்டா வாசகர்)

வாங்க வேண்டாம். ஆறியதும் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போயிருக்காது. சூடு தாங்காமல் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டி) தானே மின்சாரத்தை நிறுத்திக்கொள்கிறது. தார் ரோட்டுக்குச் சரியாக இருந்த கியர் மணலில் பாரமாகிவிடும். ஏலகிரி ஏற்றத்தில் டாப் கியரில் பைக்கை முறுக்கினால் எப்படி முக்கும், அதேதான் இங்கேயும். மோட்டார் தன் வேகத்துக்குச் சுற்ற முடியாமல் பேட்டரியிலிருந்து ஆம்பியரை இழுக்கும், அதில் நிறைய சூடாக மாறும். மோட்டார் தண்டில் இருக்கிற சின்னப் பல்சக்கரம்தான் பினியன். அதில் இரண்டு பல் குறைவானதை மாட்டிப் பாருங்கள். வேகம் கொஞ்சம் குறையும், சூடு நன்றாகவே குறையும்.

ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டார் உடம்பின் சூட்டை அளந்து பாருங்கள். 70 டிகிரிக்குள் இருந்தால் நல்லது, 80-ஐத் தொட்டால் நிறுத்திவிடுங்கள். கொரோனா காலத்தில் நெற்றிக்குக் காட்டிய துப்பாக்கி இதற்கு உதவாது. அது பெரும்பாலும் காய்ச்சல் வரைக்கும்தான் காட்டும். பட்டறைகளில் வைத்திருக்கிற வகை வேண்டும். இன்னொன்று: மோட்டார் சூடு வெளிக்காற்றின் மேல்தான் ஏறுகிறது. மார்கழிக் காலையில் 25 டிகிரியில் ஓட்டி 65 காட்டிய அதே கியர், கத்திரி வெயிலில் 40 டிகிரியில் 80-க்குப் போய்விடும். குளிர் ஊர்க்காரர்கள் போட்ட கியர் அட்டவணையை நம் ஊரில் அப்படியே நம்பக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மே மாதம், ரோட்டுப் பினியனைக் கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே ஆற்றில் இறக்கினேன். முதலில் வார்னிஷ் கருகுகிற வாடை, அப்புறம் மௌனம். பிரித்துப் பார்த்தால் காயில் கன்னங்கரேல். பம்ப்செட்டுக்குக் காயில் கட்டுகிறவரிடம் ஆசையாய்க் கொண்டுபோனேன். உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இது எத்தனை எச்.பி. சார்?" என்றார்.

காயில் தப்பினாலும் மோட்டாருக்குள் இருக்கிற காந்தம் தப்பாது. ஒருமுறை அளவுக்கு மீறிச் சுட்டால் அதன் பலம் குறைந்துவிடும். அப்புறம் மோட்டார் வெறுமனே வேகமாகச் சுற்றும், இழுவை இருக்காது, முன்னைவிடச் சீக்கிரம் சுடும்.

கேள்வி: டமியா டிடி-02 கார் வைத்திருக்கிறேன். 3300 கேவி மோட்டாரும் 2எஸ் லைப்போவும் (இரண்டு செல், 7.4 வோல்ட் பேட்டரி) போட்டால் 60 கிலோமீட்டர் வேகம் வரும் என்கிறான் நண்பன். வருமா அண்ணா? (காட்பாடி மாணவர்)

வராது தம்பி, கணக்கு போட்டே பார்த்துவிடுவோம். கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது. 7.4 வோல்ட்டை 3300-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 24,420 சுற்று. உன் காரில் ஸ்பர் (பினியன் சுற்றிவிடுகிற பெரிய பல்சக்கரம்) 70 பல், கிட்டோடு வந்த பினியன் 22 பல், உள்ளே இருக்கும் கியர் விகிதம் 2.6. எழுபதை 22-ஆல் வகுத்து 2.6-ஆல் பெருக்கினால் 8.27. அதாவது மோட்டார் 8.27 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். 64 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு சுற்றுக்கு 20 சென்டிமீட்டர் போகும். ஆக மணிக்கு 35 கிலோமீட்டர் சொச்சம். அதுவும் காகிதத்தில்தான், தரையில் இன்னும் குறையும். இதே மோட்டாரில் 60 வேண்டுமென்றால் விகிதத்தை 4.9-க்கு இறக்க வேண்டும். அதற்குள் மோட்டார் வெந்துவிடும். அந்த 22 பல்லிலேயே தொடங்கு. அச்சுகள் சுற்றுகிற பிளாஸ்டிக் புஷ்களை எடுத்துவிட்டு பால் பேரிங் போடு, ஓட்டம் தானே லேசாகும்.

கேள்வி: எங்கள் தெருக்கோடியில் மொட்டைப் பாறை மலை. கிராலருக்கு (பாறையில் மெதுவாக ஏறும் வண்டி) எந்த மோட்டார்? (சத்துவாச்சாரி)

கொடுத்துவைத்தவர். 35 முதல் 55 டர்ன் (காயிலில் கம்பி சுற்றிய எண்ணிக்கை) வரை பிரஷ்ட், அதாவது பிரஷ் உள்ள மோட்டார் போதும். டர்ன் கூடக் கூட வேகம் குறையும், ஆம்பியர் இழுப்பதும் குறையும். பிரஷ்லெஸ்தான் வேண்டும் என்றால் சென்சார் (மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று ஈஎஸ்சிக்குச் சொல்வது) உள்ளதாக வாங்குங்கள். சென்சார் இல்லாதது நகரத் தொடங்கும்போது திக்கித் திக்கிக் குதிக்கும், பாறை விளிம்பில் அந்தக் குதி ஒன்று போதும் வண்டி உருள. ஈஎஸ்சியில் டிராக் பிரேக்கை (த்ராட்டிலை விட்டதும் தானே பிடிக்கும் பிரேக்) முழுதாக வையுங்கள், த்ராட்டிலை விட்ட இடத்திலேயே நிற்கும்.

கேள்வி: ஸ்பர் கியர் மூன்று முறை பல் போய்விட்டது. கடையில் "எல்லாப் பினியனும் ஒண்ணுதான்" என்கிறார்கள். (ஆம்பூர்)

ஒன்றில்லை. பிட்ச், மாட்யூல் இரண்டுமே பல்லின் பருமனைச் சொல்கிற அளவுகள். 48 பிட்சும் 0.6 மாட்யூலும் கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், சேர்த்தால் ஒன்றையொன்று தின்னும். வெர்னியரால் பினியனின் வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள். 20 பல்லுக்கு 0.6 மாட்யூல் என்றால் 13.2 மில்லிமீட்டர், 48 பிட்ச் என்றால் 11.6. ஸ்பரும் பினியனும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

அளவு சரி என்றால் அடுத்தது இடைவெளி. பழைய பஸ் டிக்கெட் ஒன்றை இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவில் விட்டு, மோட்டாரை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை முடுக்குங்கள். கையால் உருட்டி டிக்கெட்டை வெளியே எடுங்கள். ரம்பம் போல மடிப்பு விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. கிழிந்தால் இறுக்கம், மடிப்பே விழாவிட்டால் தளர்வு. ஸ்பரைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடத்தில் பாருங்கள். பிளாஸ்டிக் ஸ்பர் முழு வட்டமாக இருப்பது அபூர்வம்.

கேள்வி: 2எஸ் காரில் 3எஸ் பேட்டரி போடலாமா? (ஆற்காடு)

ஈஎஸ்சி மேலேயே 3எஸ் என்று அச்சிட்டிருந்தால் போடலாம், இல்லையென்றால் வேண்டாம். போட்டால் சுற்று ஒன்றரை மடங்காகும், பினியனைக் கட்டாயம் குறையுங்கள்.