அறிக்கையிட்ட பிறகும் மனசு ஏன் அறுக்கிறது?

ஆண்டவரிடம் பாவத்தை அறிக்கையிட்டுவிட்டேன், ஆனாலும் மனசு அறுக்கிறது, மன்னிப்பு கிடைக்கவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் 11 வருஷம் அப்படித்தான் இருந்தது.

எங்கள் ஊர் மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கம், செம்மணல் மேடான தேரிக்காடு. (இப்போது தூத்துக்குடி மாவட்டம், எங்கள் வாயில் இன்னும் திருநெல்வேலிச் சீமைதான்.) சின்ன வயதில் கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு தேரியில் உருண்டுவிட்டு வந்தால் அம்மா ரெண்டு அடி போடுவாள். அதோடு கோபம் தீர்ந்துவிடும். ஆனால் அந்தச் செம்மண் கறை போக நாலைந்து துவைப்பாவது ஆகும். ஏசாயா 1:18-ல் ‘உங்கள் பாவங்கள் சிவேரென்றிருந்தாலும்’ (செக்கச்சிவப்பாக இருந்தாலும்) என்று வாசிக்கும்போது எனக்கு அந்தச் சட்டைதான் ஞாபகம் வரும். ‘வெண்மையாகும்’ என்பதற்கு அடுத்து அங்கே உவமையாக வரும் ‘உறைந்த மழை’யை, அதாவது பனியைத்தான் எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை!

1 யோவான் 1:9-ஐ மெதுவாக வாசியுங்கள். மன்னிப்பும் சுத்திகரிப்பும் அங்கே தனித்தனியாக வருகின்றன. நான் முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா இறந்த பிறகு, லோனுக்கு என்று சொல்லி அக்காவை ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போய் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். பனைவிளையில் அவள் பங்கு எனக்கு வந்தது. அப்புறம் கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு (ராப்போஜனத்துக்கு) முன் சபையாரோடு பாவ அறிக்கை சொல்லும்போதெல்லாம் என் குரல் உள்ளே போய்விடும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் உபவாசம் இருந்தேன், பாவமன்னிப்பு கேட்கும் 51-ம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொன்னேன். நாசரேத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

கடைசியில் போய்ச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், ஏசினாள். “இத்தன வருசமா ராப்போஜனம் வேற வாங்கிட்டுத் திரிஞ்சியால?” என்றாள். செட்டில்மெண்ட் பத்திரம் எழுதி அவள் பங்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதைக் கொடுத்து மன்னிப்பை வாங்கினேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பைபிளில் வரி வசூலிக்கிற சகேயுவை ஆண்டவர்தான் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நாலு மடங்காக) திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்னது அதற்கு அப்புறம். மன்னிப்பு கிடைத்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்பதை விட்டுவிட்டு, நீங்கள் போகவேண்டிய வீடு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

அக்கா இப்போது பேசுகிறாள், முன்பு மாதிரி இல்லை. கோயில் விருந்தான அசனத்துக்கு வந்தால் எங்கள் வீட்டில் தங்குவதில்லை, சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிடுகிறாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் கூடப் போகிறேன்.