நீண்ட ஏரி போய் தி.நகர் வந்த கதை: மாம்பலம் பற்றிய கேள்வி பதில்

சென்னைக்குள் கரைந்துபோன மாம்பலம் கிராமம், அதன் ஏரி, பழைய பத்திரங்கள், தெருப் பெயர்கள் பற்றி வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

ஐயா, தி.நகர் வருவதற்கு முன் அங்கே இருந்தது வயலா, ஏரியா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்களே?

நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து இரண்டுமே சரி. வடக்கே நுங்கம்பாக்கத்தில் தொடங்கி தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை வில்லாக வளைந்து கிடந்தது ஒரு பெரிய நீர்நிலை. ஆங்கிலேயர் வரைபடங்களில் ‘லாங் டேங்க்’, அதாவது நீண்ட ஏரி என்று அதைக் காணலாம். நம் பக்கத்து நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடலை நோக்கித் தாழ்வதால், ஏரி கட்டுபவர்கள் தாழ்ந்த பக்கத்தில்தான் கரை போடுவார்கள். இங்கும் கிழக்கில்தான் கரை. அதை ஒட்டிப் போனது மவுண்ட் ரோடு, இன்றைய அண்ணா சாலை. ஏரிக்கு மேற்கே இருந்தது மாம்பலம் கிராமம், இன்றைய மேற்கு மாம்பலம்.

1911-இல் மாம்பலத்துக்கு ரயில் நிலையம் வந்தது. 1920-இல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. நீதிக்கட்சி ஆட்சியில் 1923 வாக்கில் ஏரியை வடித்து மனை போடும் வேலை தொடங்கியது. 1925-இல் அக்கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர் காலமான பின் புதுக் குடியிருப்புக்கு அவர் பெயர் நின்றது. ஆகவே ‘மாம்பலம் கிராமம் தி.நகர் ஆனது’ என்று சொல்வது பாதிதான் உண்மை. கிராமம் தண்டவாளத்துக்கு மேற்கே அப்படியே இருந்தது. தி.நகர் ஆனது கிராமத்தின் ஏரி.

மகாவில்வம் என்பதுதான் மாம்பலம் ஆனது என்று படித்தேன். சரியா?

வில்வ மரத்தை வைத்துச் சொல்லும் விளக்கமும் உண்டு, ‘மா அம்பலம்’ என்று பிரிப்பவர்களும் உண்டு. ஓசை ஒத்துப்போவது மட்டும் சான்று ஆகாது. ஓர் ஊர்ப்பெயரின் மிகப் பழைய எழுத்து வடிவம் எது என்று கல்வெட்டிலோ செப்பேட்டிலோ பார்த்த பிறகே பொருள் தேட வேண்டும். பக்கத்து ஊர்களில் அதற்கு வழி இருக்கிறது: நுங்கம்பாக்கம் முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் வருகிறது.

எங்கள் மனைப் பத்திரத்தில் ‘தியாகராய நகர் கிராமம்’ என்று எழுதியிருக்கிறது. நூறு வருட நகரத்தை ஏன் கிராமம் என்கிறார்கள்? பிழையா, சார்?

பிழை இல்லை. அது வருவாய் கிராமம். நில அளவைக்காகவும் கணக்குக்காகவும் வருவாய்த் துறை வைத்திருக்கும் அடிப்படை அலகின் பெயர்தான் ‘கிராமம்’. அங்கே ஏர் ஓடுகிறதா, ஓட்டல் நடக்கிறதா என்பது அந்தக் கணக்கில் சேராது. கிராமமாகவே இருந்திராத தியாகராய நகர் பதிவேட்டில் கிராமமாகிவிட்டது. கோடம்பாக்கத்தில் இதைவிட அழகான ஒன்று உண்டு. அங்கே பல பத்திரங்களில் ‘புலியூர் கிராமம்’ என்று இருக்கும். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றான புலியூர்க் கோட்டத்துக்குப் பெயர் கொடுத்த ஊர் அது. பேச்சு வழக்கில் அநேகமாக மறைந்துவிட்ட பெயரை சார்பதிவாளர் அலுவலகம் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஒரே மனை வருவாய் கிராமம், மாநகராட்சி வார்டு, பதிவு அலுவலக எல்லை, அஞ்சல் வட்டாரம் என்று நான்கு வெவ்வேறு பெயர்களில் இருக்கலாம். எந்த அலுவலகத்தில் கேட்கிறீர்களோ அங்கே வழங்கும் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ‘தி.நகர்’ என்று தேடி, பதிவு ‘மாம்பலம்’ கிராமத்தில் கிடப்பதால் ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் நிறைய.

தாத்தா காலத்துப் பத்திரத்தில் ‘பைமாஷ் நெ.’ என்று ஓர் எண், பட்டாவில் வேறு எண். இரண்டும் ஒரே நிலம்தான் என்று எப்படி உறுதி செய்வது?

ஒரு நிலத்துக்கு நான்கு தலைமுறை எண்கள் வரை இருக்கக்கூடும். முதலில் சங்கிலி அளவைக்கு முந்தைய பைமாஷ் எண். அடுத்து பழைய சர்வே எண். பிறகு மறு அளவையில் வந்த ரீசர்வே எண். நகர எல்லைக்குள் வந்ததும் பிளாக் எண்ணோடு சேர்ந்த டி.எஸ். எண், அதாவது டவுன் சர்வே எண்.

பின்னாலிருந்து முன்னே போங்கள். இன்றைய டி.எஸ். எண்ணையும் பிளாக் எண்ணையும் வைத்து நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் எடுங்கள். அதில் பழைய சர்வே எண்ணுக்கு ஒரு பத்தி இருக்கும். அந்தப் பழைய எண்ணைக் கொண்டு, நில வரி நிர்ணயத்தின்போது எழுதிய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் கேளுங்கள். பைமாஷ் எண் வருவது பெரும்பாலும் செட்டில்மெண்ட் பதிவேட்டில் அல்லது மூலப்பத்திரத்தில்தான். பிளாக் எண்ணை விட்டுவிட்டு டி.எஸ். எண்ணை மட்டும் எழுதினால், அதே எண்ணுள்ள வேறு பிளாக்கின் நிலம் வந்து நிற்கும்.

கிராமக் கணக்கிலேயே இருந்து பின்னாளில் நகரத்தில் சேர்ந்த ஊர்களில் கூடுதலாக ஒரு கண்ணி உண்டு. 1979 தொடங்கி 1980-களில் நடந்த, நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். பணியில் உட்பிரிவுகள் புதிதாக எண்ணிடப்பட்டன, பெயர்கள் படி எடுக்கப்பட்டன. எழுத்துப் பிழையும் உட்பிரிவு மாறாட்டமும் அங்கேதான் அதிகம் நுழைந்தன. ஆகவே கிராமத்து நிலங்களைச் சர்வே எண் வாரியாகக் காட்டும் ‘அ’ பதிவேட்டில் யு.டி.ஆருக்கு முந்தையது, பிந்தையது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பரப்பளவை ஒப்பிடுங்கள். பரப்பும் ஒத்துப்போக வேண்டும். பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது.

அதே மாதிரிப் பத்திரம் எங்களிடமும் இருக்கிறது. ‘1 காணி 5 மனை’ என்று அளவு. இன்றைய கணக்கில் எவ்வளவு?

சென்னை, செங்கல்பட்டுப் பக்கத்துக் கணக்கில் 1 மனை 2,400 சதுர அடி. 24 மனை 1 காணி, அதாவது 57,600 சதுர அடி. உங்களுடையது 57,600 + 12,000 = 69,600 சதுர அடி. ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்பதால் 1 ஏக்கர் 59.8 சென்ட். பட்டாவில் ஹெக்டேரில் இருக்கும்: 0.64.66-ஐ ஒட்டி வர வேண்டும். சென்னையில் இன்றும் வாயில் புழங்கும் ‘கிரவுண்டு’ அந்த மனைதான்.

‘குழி’ என்று வந்தால் நிதானமாக இருங்கள். குழி என்பது அளக்கும் கோலின் சதுரம். 12 அடிக் கோல் என்றால் 144 சதுர அடி, 24 அடிக் கோல் என்றால் 576. நான்கு மடங்கு வித்தியாசம். பத்திரத்திலேயே கோலின் நீளம் சொல்லியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பக்கத்து நிலத்தின் குழி அளவையும் அதன் இன்றைய பரப்பையும் ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

நான்கெல்லையில் ‘ஏரி வாய்க்காலுக்கு மேற்கு’ என்று இருக்கிறது. ஆனால் எங்கள் மனைக்கு மேற்கே வாய்க்கால் எதுவும் கிடையாதே?

மேற்கே தேடாதீர்கள், கிழக்கே தேடுங்கள். ‘வாய்க்காலுக்கு மேற்கு’ என்றால் உங்கள் மனை வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது, அதாவது வாய்க்கால் உங்கள் கிழக்கு எல்லை. பழைய பத்திரம் படிக்கும்போது பலரும் தடுக்கி விழும் இடம் இது. நான்கு வரிகளையும் இப்படியே திருப்பிப் படித்து ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொள்ளுங்கள். நடுவில் மனை, நான்கு பக்கமும் என்ன இருந்தது என்று எழுதுங்கள்.

ஊர் வரலாறு தேடுகிறவருக்கு இந்த நான்கு வரிகள் பொன். ஏரிக்கரை, களம், வண்டிப்பாதை, தோப்பு, குட்டை என்று வரைபடத்தில் இல்லாததெல்லாம் அங்கே இருக்கும். ஒரே தெருவில் பத்து வீட்டுப் பழைய பத்திரங்களின் நான்கெல்லையைச் சேர்த்து ஒட்டினால், மறைந்த வாய்க்கால் ஒரு கோடாகவே எழுந்து நிற்கும்.

ஒவ்வொரு மழைக்கும் தி.நகரில் சில தெருக்களில் மட்டும் முழங்கால் தண்ணீர். அடுத்த தெரு காய்ந்து கிடக்கிறது. ஏரி இருந்ததுதான் காரணமா?

பெரும் காரணம் அதுதான். ஆனால் ‘ஏரி இருந்தது’ என்று நிறுத்திக்கொண்டால் எந்தத் தெரு என்பது விளங்காது. ஏரியின் உறுப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வரத்துக் கால்வாய் தண்ணீரைக் கொண்டு வரும். மதகு வழியாக வயலுக்குத் தண்ணீர் போகும். ஏரி நிரம்பினால் மிச்சம் கலிங்கு வழியே வெளியேறும். மனை போட்டபோது நீர் தேங்கும் பள்ளத்தை மேடாக்கினார்கள், கரையை வெட்டினார்கள். ஆனால் மேற்கிலிருந்து வரும் மழைநீருக்கு ஏரி போனது தெரியாது. அது பழைய பள்ளத்தைத் தேடித்தான் வரும். முன்பு அங்கே தங்கி மெல்ல வடிந்த தண்ணீர், இன்று ஒரே நேரத்தில் வெளியேற வேண்டியிருக்கிறது.

அதற்கு இன்றிருக்கும் வழி மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டம் பக்கம் தொடங்கி, தி.நகருக்குள் புகுந்து, நந்தனம் வழியாக அடையாற்றில் சேர்கிறது. தொடங்கும் இடத்தைப் பாருங்கள்: 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பதே நுங்கம்பாக்கம் ஏரி இருந்த நிலத்தில். பக்கத்துக் குடியிருப்புக்கு இன்றும் ‘லேக் ஏரியா’ என்றுதான் பெயர். கால்வாயில் குப்பையும் மண்ணும் அடைத்தாலோ, அடையாறு நிறைந்து ஓடி கால்வாய் நீரை உள்வாங்காமல் போனாலோ தண்ணீர் பின்வாங்கித் தெருவில் ஏறும். இரண்டாவது நடக்கும் நாளில் கால்வாயைத் தூர்வாரியிருந்தும் பயன் குறைவு. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டு உயர்த்துவதும் சேர்ந்துகொள்கிறது. வீட்டு வாசல் கீழே போய்விடுகிறது.

உங்கள் தெரு ஏரியின் எந்தப் பகுதி என்று அறிய, பழைய நில அளவை வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்துங்கள். இடம் மாறாத மூன்று புள்ளிகள் வேண்டும். கோயில், ரயில் பாதை, பெரிய சாலைச் சந்திப்பு ஆகியவை நம்பகமானவை. இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்துப் பொருத்தினால் படம் திருகிக்கொள்ளும். கரை என்று நினைத்தது ஒரு தெரு தள்ளி விழும்.

மேற்கு மாம்பலத்தில் நடுவே தெருக்கள் கோணல் மாணலாகவும் கொஞ்சம் தள்ளிப் போனால் நேர்கோடாகவும் இருப்பது ஏன்?

பழைய குடியிருப்பு இருந்த நத்தம் வீடு வீடாக வளர்ந்தது. கோயில், குளம், கிணறு, மாட்டு வண்டி திரும்பும் இடம் இவற்றைச் சுற்றித்தான் தெரு அமையும். நேர்கோட்டுத் தெருக்கள் வயலை லேஅவுட் போட்டு விற்ற இடங்கள். தெரு சட்டென்று வளையும் இடத்தில் பெரும்பாலும் நத்தத்தின் விளிம்போ பழைய வரப்போ இருக்கும்.

தெருப் பெயர்களெல்லாம் நீதிக்கட்சிக்காரர்கள் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பகுதி உண்மை. பனகல் பூங்கா 1921 முதல் 1926 வரை முதன்மை அமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரில். டாக்டர் நாயர் சாலை டி.எம். நாயர் பெயரில். நடேசன் பூங்கா சி. நடேசனார் பெயரில். உஸ்மான் சாலை 1934-இல் தற்காலிக ஆளுநராகவும் இருந்த முகமது உஸ்மான் பெயரில். தியாகராயரே 1920 தேர்தலில் கட்சி வென்றும் முதன்மை அமைச்சர் பதவியை மறுத்தவர். ஒரு கட்சியின் தலைமுறையை முழுவதும் வாசிக்கக் கிடைக்கும் நகர்ப்பகுதி சென்னையில் இதுபோல் இன்னொன்று இல்லை என்பேன்.

பத்திரம் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பெயர் மாறியிருக்கும். தெற்கு போக் சாலை இன்று செவாலியே சிவாஜி கணேசன் சாலை. பெயரிலிருந்த சாதிப் பின்னொட்டுகள் பல பலகைகளில் நீக்கப்பட்டன. கதவு எண்ணிலும் பழையது, புதியது என்று இரண்டு உண்டு. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது 2011-இல் மாநகராட்சியில் சேர்ந்த ஊர். எங்கள் ஊர் வரலாற்றை எழுத எங்கே தொடங்க வேண்டும், ஐயா?

அந்த ஆண்டு 42 உள்ளாட்சிகள் சேர்ந்து சென்னை 426 சதுர கிலோமீட்டர் ஆனது. உங்களுக்குள்ள பெரிய வசதி, ஊர் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், ஊராட்சித் தீர்மானப் புத்தகங்களும் இருக்க வாய்ப்புண்டு. முதலில் அந்தப் புத்தகங்கள் எங்கே போயின என்று விசாரியுங்கள். இணைப்பின்போது கைமாறி, கட்டுக் கட்டாக எங்கோ கிடந்து, ஈரத்திலும் கரையானிலும் அழிபவை அவைதான். பிறகு ‘அ’ பதிவேட்டில் புறம்போக்குப் பக்கங்களை மட்டும் தனியே எழுதிக்கொள்ளுங்கள்: ஏரி, வாய்க்கால், மேய்க்கால், களம், சுடுகாடு. பழைய ஊரின் எலும்புக்கூடு அதுவே. வில்லங்கச் சான்று இணையத்தில் பொதுவாக 1975-க்குப் பிறகுதான் கிடைக்கும். அதற்கு முந்தியதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கைப்பதிவைத் தேடச் சொல்ல வேண்டும். இன்னும் பழையவற்றுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம்.

மாணவர்களுக்கு நடந்தே காட்ட ஒரு பாதை சொல்லுங்களேன்.

ஏரியைக் குறுக்கே கடந்து காட்டுங்கள். மேற்கு மாம்பலம் லேக் வியூ சாலையில் தொடங்குங்கள். ஏரி பார்க்கக் கிடைத்த கரை என்று அந்தப் பெயரே சொல்லும். மாம்பலம் ரயில் நிலையத்தைக் கடந்து ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலை, பனகல் பூங்கா. அங்கிருந்து பாண்டி பஜார் வழியாகத் தியாகராயர் சாலையில் கிழக்கே நேராக மவுண்ட் ரோடு. ஏறக்குறைய 3 கிலோமீட்டர். ஐப்பசியில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் காலை போனால், எந்தத் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பிள்ளைகள் நோட்டில் அம்புக்குறி போட்டுக்கொண்டே வரலாம். மின்சாரப் பெட்டிகளும் திறந்த மழைநீர் வடிகால்களும் இருக்கும் இடங்களில் மட்டும் பிள்ளைகளை ஓரமாக நடக்க விடாதீர்கள்.