தளிக் குளிரைச் சீமை அத்தி தாங்குமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் தளியில், மார்கழிப் பனியில் இலையெல்லாம் கொட்டிய சீமை அத்தி பட்டுப்போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இராது, குளிரில் இலையுதிர்த்து உறங்குவது அதன் இயல்பு, அந்நிலையில் முதிர்ந்த மரம் உறைநிலைக்குக் கீழும் சில பாகை தாங்குமாதலால், தளிக் குளிர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. கிளைப் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

பனி உறையும் நாடுகளில் தண்டைச் சாக்கால் சுற்றுவார்கள், தொட்டிச் செடியைக் கொட்டகைக்குள் நகர்த்துவார்கள். அங்கே கிளைகள் கருகினாலும், முதன்மைக் காய்ப்பு அவ்வாண்டுத் துளிரிலேயே வருவதால், அடியிலிருந்து தழைத்த கிளையும் காய்க்கும், கோடை நீண்டால் பழுக்கும்.

இங்கே நான் அஞ்சுவது ஈரத்தைத்தான். இலையின் அடியில் செம்பழுப்புப் பொடியாய்ப் படியும் துரு நோய், மழைக்காலத்திலேயே இலைகளை உதிர்த்துவிடும். உதிர்ந்தவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். உறக்கக் காலத்தில் நீரைக் குறையுங்கள்.