கடை திறந்த நாள் உங்கள் பிறந்தநாள் இல்லை!

எம்.சி. ரோட்டில் சின்ன ஜவுளிக் கடை வைத்திருக்கிறோம். இன்ஸ்டாகிராம் பிறந்த தேதி கேட்டது. மகன் கடை திறந்த நாளைப் போட்டுவிட்டான். கணக்கு முடங்கிவிட்டது. ஏன்?
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

கடைக்கு எட்டு வருஷம் ஆகியிருந்தால், இன்ஸ்டாகிராமைப் பொறுத்தவரை நீங்கள் எட்டு வயதுக் குழந்தை. 13 வயது நிறையாதவர்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. கடையின் பெயரில் இருந்தாலும், கணக்கை நடத்துபவரின் பிறந்த தேதியைத்தான் கொடுக்க வேண்டும்.

வழக்கம்போல லாகின் செய்யுங்கள்; மேல்முறையீடு செய்யும் வழியைத் திரையே காட்டும். அடையாள அட்டை கேட்டால், கணக்கை நடத்துபவருடையதை நான்கு மூலையும் தெரிகிற மாதிரி, ஃப்ளாஷ் பளபளப்பு விழாமல் படம் எடுத்து அனுப்புங்கள். மங்கலான படமும் ஓரம் வெட்டுப்பட்ட படமும் வீண். கெடு 180 நாள். தாண்டிவிட்டால் ஃபாலோயர்ஸ், போட்ட படங்கள் எல்லாம் போனதுதான்.

நிராகரித்தால், அந்த நிறுவனத்தின் இந்தியக் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம். அவர் முடிவும் சரியில்லை என்றால், 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். நிறையப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

எங்கள் கேரம் கிளப்பின் பேஸ்புக் பேஜுக்கு ஒரே ஒரு அட்மின். அவர் ஏதோ கோபத்தில் தன் கணக்கையே டெலிட் கொடுத்துவிட்டார். பேஜையும் காணோம்!
- வாசகர், வியாசர்பாடி

முதலில் அவரைச் சமாதானப்படுத்துங்கள். டெலிட் கொடுத்து 30 நாள் ஆகவில்லை என்றால், அவர் திரும்ப லாகின் செய்து ரத்து கொடுத்தால் போதும். 30 நாள் முடிந்துவிட்டால், முழு அதிகாரம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் பேஜும் அவரோடு போய்விடும். கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்க நினைப்பவர்களுக்கு டீஆக்டிவேட் இருக்கிறதே. எத்தனை மாதம் கழித்தும் திரும்பலாம்.

பேஜ் கிடைத்ததும் செட்டிங்ஸில் 'பேஜ் அக்சஸ்' போய், இன்னொருவருக்கு முழு அதிகாரம் கொடுங்கள். அவர் தன் பக்கம் அதை ஏற்றுக்கொண்டாரா என்றும் பாருங்கள். ஏற்காதவரை அவர் அட்மின் இல்லை. அதற்காகக் கிளப்பில் இருக்கிற எல்லோருக்கும் கொடுத்துவிடாதீர்கள். முழு அதிகாரம் உள்ள யாரும் உங்களையே தூக்க முடியும்.

கிளப் என்பதால் இன்னொன்று: டோர்னமென்ட் லைவ் போட்டால் அன்றே டவுன்லோட் செய்துவிடுங்கள். 2025 பிப்ரவரி முதல் பேஸ்புக் லைவ் வீடியோக்கள் 30 நாள்தான் இருக்கும்.

ரீசார்ஜ் பண்ணாததால் பழைய சிம் செத்துவிட்டது. பேஸ்புக், ஜிமெயில், வாட்ஸ்அப் எல்லாம் அந்த நம்பரில்தான்.
- வாசகர், காசிமேடு

போனில் எல்லாம் இன்னும் திறந்துதானே இருக்கிறது? அப்படியானால் எதிலிருந்தும் லாக் அவுட் ஆகாதீர்கள். போனை ரீசெட் செய்யவும் கொடுக்காதீர்கள். இணைப்பு துண்டான எண், 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். அப்புறம் உங்கள் ஓடிபி அவர் போனில் விழும்.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுன்ட், சேஞ்ச் நம்பர். ஓடிபி புது எண்ணுக்குத்தான் வரும், பழைய சிம் தேவையில்லை. ஜிமெயிலிலும் பேஸ்புக்கிலும் புது எண்ணைச் சேர்த்துவிட்டு, பிறகு பழையதை எடுங்கள். பழையதை முதலில் எடுத்துவிட்டு நடுவில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

கூகுளில் டூ-ஸ்டெப் (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பு) போட்டால், ஓடிபி வராதபோது உள்ளே போக எட்டு இலக்கத்தில் பத்து பேக்கப் கோடுகள் கிடைக்கும். ஒன்றை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்தால் என்ன பிரயோஜனம்? தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். வாட்ஸ்அப்பின் டூ-ஸ்டெப்புக்குப் போடும் ஆறு இலக்க பின்னுக்கு மெயில் ஐடியும் கொடுத்துவையுங்கள். கொடுக்காமல் பின்னை மறந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

'காப்பிரைட் மீறல், 24 மணி நேரத்தில் உங்கள் கணக்கு நீக்கப்படும்' என்று இன்ஸ்டாகிராம் பெயரில் மெயில். லிங்க்கைத் தொடலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

தொடாதீர்கள். நிஜ மெயிலா என்று ஆப்பிலேயே பார்க்கலாம்: அக்கவுன்ட்ஸ் சென்டர், பாஸ்வேர்டு அண்ட் செக்யூரிட்டி, ரீசென்ட் ஈமெயில்ஸ். கடந்த 14 நாளில் அவர்கள் அனுப்பியது அங்கே இருக்கும், இல்லையென்றால் மோசடிதான். ஏற்கெனவே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டீர்களா? உடனே மாற்றி, தெரியாத போன்களை எல்லாம் லாக் அவுட் செய்யுங்கள். பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.