மான் என்று நினைத்தேன்!

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கும் என் மாப்பிள்ளை நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போய், நாளெல்லாம் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். அங்கே சிலர் மான் என்று நினைத்துத் தவறுதலாக மாட்டைச் சுட்டுவிடுவார்களாம். நாய் எஜமானரைச் சுட்டதுகூட உண்டாம். இதையெல்லாம் நம்பலாமா? வேட்டை என்பது வீரமா, பொழுதுபோக்கா?
- ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: வீரமா பொழுதுபோக்கா என்பதைப் பட்டிமன்ற நடுவர்களிடம் விட்டுவிடுகிறேன். பொங்கலுக்கு அவர்களுக்கும் தலைப்பு வேண்டும். இரண்டு பக்கமும் ஆளுக்கு மூன்று பேர் கத்தி முடித்ததும் 'வீரம் கலந்த பொழுதுபோக்கே' என்று தீர்ப்பளித்துப் பொன்னாடையோடு வீட்டுக்குப் போவார்கள். உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்துக்கொண்ட சொல் 'தவறுதலாக' என்பது.

நம் இதிகாச மன்னர்கள் வேட்டையில் மாட்டிக்கொண்டதெல்லாம் குறி தப்பியதால் அல்ல, தப்பாததால். தசரதன் இருட்டில், சரயு நதிக்கரையில், குடத்தில் நீர் நிறையும் சத்தத்தைக் கேட்டு 'யானை தண்ணீர் குடிக்கிறது' என்று முடிவுகட்டி அம்பை விட்டான். சரியாகப் போய்த் தைத்தது. கண்ணன் காட்டில் படுத்திருந்தபோது ஜரா என்ற வேடன் அவன் பாதத்தை மான் என்று நினைத்தான். துவாபர யுகத்தை முடித்துவைத்ததே ஒரு மான் வேட்டை விபத்துதான். பரீட்சித்து, அம்பு பட்ட மான் எந்தப் பக்கம் ஓடியது என்று ஒரு முனிவரிடம் கேட்டான். அவர் மௌன விரதத்தில் இருந்தார். பதில் வராத கோபத்தில் செத்த பாம்பு ஒன்றை வில் நுனியால் எடுத்து அவர் கழுத்தில் போட்டான். ஏழாம் நாள் பாம்பு கடித்து இறந்தான். 'என் கேள்விக்கு ஏன் இன்னும் பதில் இல்லை' என்று தபால் அட்டையில் திட்டி எழுதுகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படித்துக்கொள்ளலாம்.

பாண்டுவின் வழக்கு வேறு மாதிரி. அவன் மான் என்று எய்தது மான்தான். அந்த மானாக இருந்தவர் கிந்தமர் என்ற முனிவர், அதுவும் துணையோடு கூடியிருந்த நேரத்தில். குற்றுயிராகக் கிடந்தவரிடம் பாண்டு மன்னிப்புக் கேட்கவில்லை. மானைக் கொல்வது அரசர்களுக்கு உரிய தர்மம் என்று வழக்காடினான். கிந்தமர் அந்த வாதத்தை ஒப்புக்கொண்டார் என்பதுதான் விசேஷம். மானைக் கொன்றதற்காக உன்னை நான் பழிக்கவில்லை, பொழுது பார்க்காமல் கொன்றாயே, அதற்காகத்தான் சாபம் என்றார். இன்றைய வேட்டைச் சட்டத்தின் மொழியில் சொன்னால் ஆயுதம் சரி, விலங்கு சரி, பருவம்தான் தவறு.

கிந்தமரின் சட்டத்தை அமெரிக்காவில் கொண்டுவந்தால் வேட்டைக்காரர்கள் துப்பாக்கியை விற்றுவிட்டுத் தூண்டில் வாங்க வேண்டியதுதான். அங்குள்ள வெண்வால் மான்கள் பெரும்பாலான மாநிலங்களில் இணை சேர்வது நவம்பரை ஒட்டி. துப்பாக்கி வேட்டைப் பருவமும் பெரும்பாலும் அதை ஒட்டியே வருகிறது. மற்ற மாதங்களில் சருகு அசைந்தாலே பறந்துவிடும் கலைமான், அந்த வாரங்களில் பெண்மானின் வாசனையைத் தவிர உலகத்தில் எதையும் பொருட்படுத்தாது. காதலில் புத்தி மழுங்கியிருக்கும் நேரம் பார்த்துச் சுடுகிறார்கள். முனிவர் சாபம் கொடுத்தே களைத்துப்போயிருப்பார்.

வாசனை என்றதும் இன்னொன்று. பெண்மானின் சிறுநீரைச் சின்னப் பாட்டில்களில் அடைத்து அங்கே கடையில் விற்கிறார்கள். காலணியில் தடவிக்கொண்டு நடந்தால் ஆண்மான் மோப்பம் பிடித்து வருமாம். சிறுநீரைப் பாட்டிலில் அடைத்து விற்பதில் நாம்தான் உலகுக்கு முன்னோடி என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதுவும் போயிற்று. மான்களின் மூளையை அரித்துக் கொல்லும் நோய் ஒன்று பரவிவருவதால், இயற்கையான சிறுநீரைப் பல மாநிலங்கள் தடை செய்துவிட்டன. பதிலுக்குச் செயற்கைச் சிறுநீர் வந்திருக்கிறது. அந்தத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருப்பவர் தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது என்ன வேலை என்று சொல்லிக்கொள்வார்?

உங்கள் மாப்பிள்ளை மரத்தின் மேல் என்ன உடை போட்டிருந்தார் என்று கேட்டுப் பாருங்கள். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறமாகத்தான் இருக்கும். பென்சில்வேனியாவில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவர் தலை, மார்பு, முதுகு எல்லாம் சேர்த்து 250 சதுர அங்குலம் ஆரஞ்சு அணிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒளிந்திருக்கிறவருக்கு எதற்கு ஆரஞ்சு? மானின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பச்சையிலிருந்து பிரிந்து தெரிவதில்லை. அந்த உடை, துப்பாக்கியோடு அதே காட்டில் திரியும் மற்ற வேட்டைக்காரர்களுக்காக. 'ஐயா, நான் மான் இல்லை' என்ற அறிவிப்பை உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு போகிறார்கள். கண்ணன் காலில் ஒரு ஆரஞ்சுத் துணி இருந்திருந்தால் கலியுகம் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும். 2016-இல் விஸ்கான்சின் மாநிலம் பளீர் இளஞ்சிவப்புக்கும் அனுமதி கொடுத்தது. பெண்களையும் வேட்டைக்கு இழுக்கலாம் என்று அரசியல்வாதிகளுக்கு ஒரு நினைப்பு. வேட்டைக்குப் போகும் பெண்கள் சிலருக்கே அது கோபத்தை மூட்டியது.

ஆனால் மானுக்கு நீலம் நன்றாகத் தெரியும். வேட்டைக்கார உலகம் இதில் கண்டுபிடித்த சங்கதி எனக்கு அளவில்லாத சந்தோஷத்தைத் தருகிறது. சலவைத் தூளில் 'வெண்மைக்கு வெண்மை' சேர்க்கக் கலக்கும் ரசாயனம், புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பி அனுப்பும். அந்தத் தூளில் துவைத்த உடையோடு போனால், ஆரஞ்சைக் கவனிக்காத மான் சலவையைக் கவனித்துவிடும் என்று சொல்லி, அந்த ரசாயனம் கலக்காத தனிச் சலவைத் தூள் விற்கிறார்கள். சலவைத் தூள் விளம்பரங்களோடு இந்தப் பக்கத்தில் நான் நடத்திவரும் யுத்தம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பையன் சேற்றில் விழுந்தால் தாய் சிரிக்கும் வீடு தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு இன்றுவரை ஒரு நிறுவனமும் பதில் எழுதவில்லை. கடைசியில் என் பக்கம் நின்றது ஒரு மான்.

மரத்தின் மேல் கட்டிய பரணில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிய ஆபத்து மானோ கரடியோ இல்லை, பரண்தான். அங்கே வேட்டைக்காரர்கள் காயம்படும் காரணங்களில் பரணிலிருந்து விழுவது முன்வரிசையில் நிற்கிறது. உப்புக்கு அலையும் முள்ளம்பன்றி, மனித வியர்வை ஊறிய பலகையைத் தின்றே தீர்த்துவிடும். காய்ந்த இலைகளின் மேல் ஓர் அணில் நடந்தால் பத்துக் கிளைக் கொம்புக் கலைமான் வருவதைப்போல ஓசை கேட்கும். அதனால்தான் அங்கே வேட்டைப் பாடத்தில் அழுத்திச் சொல்லித்தருவது, சத்தத்தைச் சுடாதே, கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு சுடு என்பது. தசரதன் அந்த வகுப்புக்குப் போகவில்லை. எல்லாப் பாடமும் படித்துப் போனவருக்கும், நிஜ மான் எதிரே வந்து நின்றதும் கைகால் நடுங்கும். விசையை அழுத்த மறந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளிவிட்டு, 'அத்தனையும் சுட்டேன், ஒன்றும் படவில்லை' என்று சத்தியம் செய்தவர்களின் கதை அங்கே ஊருக்கு ஊர் உண்டு. மான் அதையும் பார்த்துக்கொண்டு நிற்கும்.

மாடு விஷயம் நிஜம். வேட்டைப் பருவத்தில் மாட்டின் விலாவில் 'மாடு' என்று பெரிய எழுத்தில் பெயின்ட் அடித்துவிடும் பண்ணைக்காரர்கள் உண்டு. நம் ஊரில் கொம்பில் கட்சிக் கொடியின் வர்ணம் அடிக்கிறோம். சுட்டால் மாவட்டச் செயலாளர் வருவார் என்ற பயம் இருக்கும்.

நாயும் நிஜம். 2015-இல் இண்டியானா மாநிலத்தில் நீர்ப்பறவை வேட்டைக்குப் போன ஒரு பெண்மணி தரையில் வைத்த துப்பாக்கியை அவருடைய லாப்ரடார் மிதித்து, அவர் பாதத்தில் குண்டு பாய்ந்தது. நாயின் பெயர் ட்ரிகர். துப்பாக்கி விசைக்கு உள்ள அதே பெயர். பெயர் மாற்றினால் தலையெழுத்து மாறும் என்கிற எண்கணித ஜோசியர்களை நான் விட்டுவைத்ததில்லை. இந்த ஒரு நாய்க்காக ஒரு வாரம் அவர்களைச் சும்மா விடுகிறேன்.

இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது 2006 பிப்ரவரியில் டெக்சஸில் நடந்தது. அது காடை வேட்டை. அமெரிக்கத் துணை அதிபர் டிக் செய்னி காடையைக் குறிவைத்துத் திரும்பிச் சுட, ரவைகள் 78 வயது வழக்கறிஞர் ஹாரி விட்டிங்டனின் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் பாய்ந்தன. மருத்துவமனையில் லேசான மாரடைப்பும் வந்தது. ஒரு வாரத்துக்குள் வெளியே வந்தவர் பத்திரிகையாளர்களிடம், துணை அதிபரும் அவர் குடும்பமும் பட்ட கஷ்டத்துக்காகத் தாமும் தம் குடும்பமும் மிகவும் வருந்துவதாகச் சொன்னார். சுடப்பட்டவர் வருத்தம் தெரிவித்தார்! பாண்டுவுக்கு இப்படி ஒரு முனிவர் கிடைத்திருந்தால் மகாபாரதம் இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். வெறுங்கையோடு வந்தேன் என்று சொல்கிற வேட்டைக்காரரை முழுதாக நம்பலாம். மற்றவர்களிடம் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பதற்குப் புறநானூற்றின் 152-ஆம் பாட்டு இருக்கிறது. கொல்லிமலை வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் பாடுகிறார். யானை, புலி, மான், பன்றிவரை எனக்குச் சந்தேகம் இருந்தது. உடும்பு வந்ததும் நம்பிவிட்டேன். பொய் சொல்கிறவன் சிங்கத்தில் முடிப்பான்; உடும்பில் முடிக்கும் துணிச்சல் பெரிய கவிஞனுக்குத்தான் வரும். இதை நான் முன்பே எழுதியபோது, கோவைப் பேராசிரியர் ஒருவர் அம்பின் வேகம், யானைத் தோலின் தடிமன் எல்லாம் கணக்குப் போட்டு, இது இயற்பியல்படி சாத்தியமே, தமிழனைக் கேலி செய்யாதே என்று நீண்ட கடிதம் அனுப்பினார். கேலி செய்யவில்லை, ரசிக்கிறேன் என்று எழுதியதற்கு அதைவிட நீளமான கடிதம், வரைபடத்தோடு. அடுத்த கடிதம் வந்தால் வெளியிடுவதாக இல்லை. வரைபடத்தில் உடும்பை மட்டும் நன்றாக வரைந்திருந்தார். அதை வேண்டுமானால் போடலாம்.