கடலுக்குள் டைவிங்: எதைப் போடலாம், எதைக் கழற்ற வேண்டும்?

அந்தமானில் ஸ்கூபா டைவிங் போகிறோம். அங்கே கடல் வெதுவெதுப்பாகத்தானே இருக்கும்? டி-ஷர்ட், ஷார்ட்ஸ் போதாதா? (வாசகர், சென்னை)

போதாது. அங்கே தண்ணீர் 28, 29 டிகிரி இருக்கும். காலை நனைத்துப் பார்த்தால் சுகமாகத்தான் தெரியும். ஆனால் நம் உடம்பு 37 டிகிரி. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அரை மணி நேரத்தில் பல் தந்தியடிக்க மேலே வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நடுங்க ஆரம்பித்தால் சிலிண்டர் காற்றும் சீக்கிரம் தீரும். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (டைவிங்குக்கான ரப்பர் உடை) கேட்டு வாங்குங்கள்.

வெட்சூட்டின் நியோப்ரீன் ரப்பருக்குள் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகள் இருக்கும். வெப்பத்தைக் காப்பவை அவைதான். உள்ளே கசியும் கொஞ்சம் தண்ணீரும் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நிற்கும். தொளதொளவென்று இருந்தால் அது வெளியேறிப் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். அதனால் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், அதே சமயம் மூச்சை முழுதாக இழுக்கவும் முடிய வேண்டும். பெரும்பாலும் ஜிப் முதுகுப் பக்கம் வரும். கால் நுழையாமல் முரண்டு பிடித்தால் பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு நுழையுங்கள், வழுக்கிக்கொண்டு போய்விடும்.

தாலியைக் கழற்றச் சொல்வார்களா? வெட்சூட்டுக்குள் என்ன போடுவது? கூச்சமாக இருக்கிறது. (வாசகி, திருச்சி)

இந்தத் தயக்கத்தாலேயே படகு வரை வந்து திரும்பிப் போன பெண்கள் உண்டு. அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். முழுநீள வெட்சூட் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும். உள்ளே லெக்கிங்ஸும் முழுக்கை லைக்ரா டி-ஷர்ட்டும் போட்டுக்கொள்ளலாம். சுடிதார், துப்பட்டா மட்டும் வேண்டாம். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், தொங்கும் துணி எதிலாவது மாட்டும்.

தாலியைக் கழற்ற வேண்டியதில்லை. டி-ஷர்ட்டுக்குள் விட்டு மேலே வெட்சூட்டை மூடிவிட்டால் அது அசையாது. மோதிரம், வளையல், ஜிமிக்கி, மெட்டி எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துவிடுங்கள். காலில் துடுப்பு மாதிரி மாட்டும் ஃபின்ஸுக்குள் மெட்டி விரலை அறுக்கும். மின்னும் நகையைச் சீலா மீன் குட்டி மீன் என்று நினைத்துப் பாயக்கூடும், இது அரிதுதான். மோதிரம் தொலைவதுதான் அடிக்கடி நடப்பது. தண்ணீரில் விரல் குளிர்ந்து சுருங்கும், மோதிரம் தானாகக் கழன்றுவிடும். என்னுடன் வந்த புதுமணப்பெண் ஒருவரின் கல்யாண மோதிரம் அப்படித்தான் போனது. 10 மீட்டர் ஆழத்தில் மணலைத் துழாவித் துழாவித் தேடினோம், கிடைக்கவே இல்லை.

அப்புறம், கொண்டை வேண்டாம், கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கின் பட்டை நிற்காது. தழையப் பின்னிக்கொள்ளுங்கள்.

கண்ணாடி இல்லாமல் எனக்கு எதுவும் தெரியாது. என்ன செய்வது? (வாசகர், கோவை)

மாஸ்க்குக்குள் மூக்குக்கண்ணாடி போட முடியாது. அதன் காது பக்கக் கம்பி வழியாகத் தண்ணீர் புகுந்துவிடும். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போடலாம். கடினமான லென்ஸ் சரிப்படாது, அதற்கும் கண்ணுக்கும் நடுவே குமிழி சேரும். லென்ஸ் போட்டிருப்பதை இன்ஸ்ட்ரக்டரிடம் முன்பே சொல்லுங்கள். மாஸ்க்கில் தண்ணீர் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டுதான் வெளியேற்ற வேண்டும். பவர் வைத்த மாஸ்க்கும் கிடைக்கிறது, அடிக்கடி டைவ் செய்பவர் என்றால் அதையே வாங்கிவிடுங்கள்.

மீசையை எடுத்தே ஆக வேண்டுமா? (வாசகர், மதுரை)

வேண்டாம். மூக்குக்குக் கீழே மாஸ்க் விளிம்பு உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு கீற்று மழித்துக்கொள்ளுங்கள்.

நீச்சல் குளத்துக்குப் போடும் காகிள்ஸும் காது அடைப்பானும் என்னிடம் இருக்கின்றன. கொண்டு வரலாமா? (வாசகர், புதுச்சேரி)

தயவுசெய்து வேண்டாம். 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகும். மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடுவதால் மூக்கு வழியே உள்ளே காற்றை விட்டு ஈடுகட்டலாம். காகிள்ஸில் அதற்கு வழியில்லை, கண்ணை உறிஞ்சி ரத்தம் கட்ட வைத்துவிடும். காதை அடைத்தால் செவிப்பறையே கிழியலாம்.

பவளப்பாறை கையைக் கீறிவிடுமே, கையுறை போடலாமா? (வாசகி, ராமநாதபுரம்)

கையுறை போட்டவர்கள் தைரியமாக எதையும் பிடிப்பார்கள். பவளப்பாறை உயிருள்ளது, பிடித்த இடம் செத்துப்போகும். பல கடல் பூங்காக்களில் கையுறைக்குத் தடை இருப்பது இதனால்தான். கையைக் கட்டிக்கொண்டு மிதக்கப் பழகுங்கள். சன்ஸ்கிரீனை வழிய வழியப் பூசுவதும் வேண்டாம். அதில் கலக்கும் ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் 2021 முதல் அது கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. படகில் முழுக்கை டி-ஷர்ட்டும் தொப்பியும் போதும்.